இசை: ரெஜி

ஜனவரி 9, புதன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. கீழ்வீட்டில் கெஞ்சி இரண்டு குடம் வாங்கினேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவதைப் பார்த்த கீழ்வீட்டு அம்மாள், "பாத்து சார், கையில அடிபட்டுடப் போவுது, பியானோ வாசிக்கிற கை" என்றார். இந்த ஊரில் என் கையைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஆள்.

சாயங்காலம் ஹோட்டல். லாபியில் ஆறரை முதல் ஒன்பது வரை வாசிக்கிறேன், பதினோரு வருஷமாக. மேனேஜருக்கு என் மகன் வயதிருக்கும், எனக்கு மகன் இருந்திருந்தால். பக்கத்தில் வந்து குனிந்து, "கொஞ்சம் சாஃப்ட்டா சார், கெஸ்ட்டுங்க பேசுறது கேக்கல" என்றான். ஜாஸ் என்பது பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓடுகிற ஏசி சத்தம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எட்டரைக்கு ஒருவர் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முப்பது முப்பத்திரண்டு வயது, தாடி, செருப்பு. இந்த ஹோட்டலுக்குள் செருப்போடு வருகிறவர்கள் ஒன்று வெளிநாட்டுக்காரர்கள், அல்லது சினிமாக்காரர்கள்.

"சார், நீங்க 'ஏழாவது பிளாட்ஃபாரம்' ரெஜிதானே?"

விரல் நின்றுவிட்டது. 1994இல் வந்த கேசட் அது. தமிழில் எட்டு பாட்டு, ஜாஸ் பியானோ, டபுள் பாஸ், என் குரல். தமிழில் இதெல்லாம் எடுபடுமா என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். எடுபடவில்லை. ஆயிரம் கேசட்டில் பாதி என் கட்டிலுக்கடியிலேயே இருந்து நாடா ஒட்டிப்போய்ச் செத்தது.

"எங்க அப்பா டாக்ஸி ஓட்டினார் சார். வண்டில ஒரே ஒரு கேசட்தான். அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் திருமாறன். முதல் படம் பண்றேன். நீங்கதான் மியூசிக் பண்ணணும்."

இருபத்தைந்து வருஷம் லேட், தம்பி. ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தி ஒரு நாண் வாசித்தேன்.

ஜனவரி 13, ஞாயிறு

பத்திரிகைக் குறிப்புக்காக என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் திருமாறன். "உங்க இன்ஃப்ளூயன்ஸ் யாரு யாருன்னு போடுங்க சார்." பெரிய பெரிய அமெரிக்கப் பெயர்களை எதிர்பார்க்கிறார். போட்டேன். உண்மை அதைவிடச் சின்னது.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். எதிர்வீட்டில் டிகாஸ்டா என்ற ஆங்கிலோ இந்தியர், எஞ்சின் டிரைவர். சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும், அவர் சாக்ஸபோன் வாசிப்பார். எங்கள் வீட்டில் அப்பா. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், அதற்கு மேல் எதுவும் வாசிக்கக் கூடாது என்பவர். சினிமாப் பாட்டும் டிகாஸ்டாவின் பாட்டும் அவருக்கு ஒரே கணக்கில்தான், உலகப் பாட்டு, தேவனுக்கு ஆகாதது. எங்களுக்கு சோல்ஃபா சொல்லிக்கொடுத்தது அவர்தான். கோடும் புள்ளியும் இல்லாமல் நம் சரிகமபதநி போல டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்பதை எழுத்தாகவே எழுதி வைக்கும் முறை. பாடகர் குழு மொத்தமும் அதைப் பார்த்துத்தான் பாடும். எந்த ராகத்தையும் காகிதத்தில் பிடித்து வைத்துவிடலாம்.

"எங்களுக்கு" என்று எழுதியிருக்கிறேன். எமிமாவுக்கும் எனக்கும். என் தங்கை, என்னைவிட நாலு வயது சின்னவள். அவளும் வாசிப்பாள்.

பத்திரிகைக் குறிப்பில் டிகாஸ்டாவைச் சேர்த்தேன். எமிமாவுக்கு இடமில்லை, ஒரு பக்கம்தான் கேட்டார்கள்.

ஜனவரி 16, புதன்

வளசரவாக்கத்தில் திருமாறனின் ஆபீஸ். இரண்டு அறை, ஒரு கீபோர்டு, தரையில் பாய். காட்சியைச் சொன்னார். "ஹீரோயினோட புருஷன் செத்து ஒரு மாசம் ஆகுது சார். அவ முதல் தடவையா வேலைக்குக் கிளம்பி பஸ்ல போறா. அழுகை கிடையாது. ஜன்னல் சீட். அவ்வளவுதான்."

மூன்று மெட்டு வாசித்துக் காட்டினேன். தத்தகாரத்தில் பாடியும் காட்டினேன். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நல்லாருக்கு சார். ஆனா கேசட்ல இருந்தது இதுல இல்ல."

"என்ன இருந்தது?"

"தெரியல சார். அதுல ஒவ்வொரு பாட்டும் எதையோ சொல்ல வந்துட்டு சொல்லாம திரும்பிப் போற மாதிரி இருக்கும். எங்க அப்பா சிக்னல்ல வண்டிய நிறுத்திட்டு ரீவைண்ட் பண்ணுவார்."

இந்த ஒரு பாட்டு ஓகே ஆனால் மொத்தப் படமும் என்னுடையது, ஐந்து பாட்டு, டைட்டிலில் தனி கார்டு. ஆகாவிட்டால் தயாரிப்பாளரின் மச்சினன் கீபோர்டோடு தயாராக இருக்கிறானாம். மாதக் கடைசி வரை தவணை.

ஜனவரி 17, வியாழன்

வரவில்லை.

ஜனவரி 18, வெள்ளி

லாரி வந்தது. மெட்டு வரவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

ஆராதனை முடியும் நேரம் பார்த்து பெரம்பூர் போனேன். போய் எத்தனையோ மாதம் ஆகிறது, கிறிஸ்துமஸுக்குக்கூடப் போகவில்லை. பிளம் கேக் வாங்கிக்கொண்டேன்.

எமிமா இளைத்திருக்கிறாள். அவள் புருஷன், தவராஜ் மாப்பிள்ளை, இறந்தபிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ கிரேடு வகுப்பு எடுக்கிறாள், ஞாயிறு சர்ச்சில் ஆர்கன். அப்பா உட்கார்ந்த அதே ஆர்கன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

"வாண்ணே! ஏன் இப்படிக் கறுத்துப் போய்ட்ட? சாப்பிடறியா இல்லையா நீ? கெசியா, மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

கெசியா அவள் மகள், கல்லூரி இரண்டாம் வருஷம். தண்ணீர் கொடுத்துவிட்டு போனோடு உள்ளே போய்விட்டாள்.

படம் பற்றிச் சொல்லத்தான் போனேன். சொன்னால் என்ன கேட்பாள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. எமிமா மீன் பொரிக்க அடுப்படிக்குப் போனாள். பியானோ ஸ்டூலின் மூடியைத் தூக்கினால் உள்ளே நோட்டுகள். அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு பச்சை நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

மீன் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு கட்டியும் கொடுத்தாள்.

ஜனவரி 22, செவ்வாய்

நோட்டில் அப்பாவின் கையெழுத்து இல்லை.

கடைசிப் பக்கங்களில் ஒரு மெட்டு. தலைப்பு இல்லை, வார்த்தை இல்லை, சோல்ஃபா எழுத்துகள் மட்டும். மேலே 2.11.17 என்று தேதி. அப்போது நான் ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு உல்லாசக் கப்பலில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன், ஆறு மாத ஒப்பந்தத்தில்.

கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். சோவில் ஆரம்பித்து மேல் டோவுக்கு ஏறப் பார்க்கிறது. அதற்கு ஒரு படி கீழே, டீ வரை போகிறது. அங்கேயே நின்று, ஏறாமல், படிப்படியாக இறங்கிவிடுகிறது. மூன்று தடவை அப்படி. நாலாவது தடவை ஏறும் என்று காத்திருக்கிறோம், ஏறுவதில்லை. நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிறகு நாண்கள் போட்டேன். மூன்றாவது வரியில் மைனர் நைன்த் என்ற நாண், கீழே பாஸ் அரை அரைப் படியாக இறங்குகிறது. அது முழுக்க என்னுடையது. அந்த நோட்டில் நாண் ஒன்றுகூடக் கிடையாது. மாவு யாருடையதாக இருந்தாலும் தோசை வார்த்தவன் நான்.

ஜனவரி 24, வியாழன்

ஓகே.

திருமாறன் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறக்கவில்லை. "இதான் சார். இதான் அது" என்றார். உதவி இயக்குநர்கள் கை தட்டினார்கள். முதல் பாட்டுக்கான ஒப்பந்தத்தில் "இசை: ரெஜி" என்று அச்சாகியிருந்தது. அந்த இரண்டு வார்த்தையை ஒரு சினிமாவுக்காகப் பார்க்க எனக்கு ஐம்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்டக்டரிடம் மந்தைவெளி ஒன்று என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 29, செவ்வாய்

எமிமா போன் செய்தாள்.

"அண்ணே, ஸ்டூல்ல என் பச்சை நோட்டு ஒண்ணு இருந்துச்சு. காணோம். நீ எதும் எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க யாராவது எடுத்திருக்கும்."

"அதுங்க எடுக்காதுண்ணே. சரி, நானே எங்கயாவது வச்சிருப்பேன். இப்பல்லாம் மறதி. நீ வேளைக்குச் சாப்பிடு."

இப்போது திருப்பிக் கொடுத்தால் நன்றாக இருக்காது. வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

விளம்பரத்துக்குப் பழைய கேசட்டின் அட்டை வேண்டுமாம். தேடி எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்டவாளத்தில் நிற்கிறேன். முடி எவ்வளவு! பின்பக்கம்: பாடல்கள், இசை, குரல் — ரெஜி. பாஸ் வாசித்தவன் பெயர் இருக்கிறது. ஸ்டூடியோக்காரன் பெயர்கூட இருக்கிறது.

அப்பாவுக்காகத்தான் அப்படிச் செய்தோம். சர்ச் ஆர்கனிஸ்ட்டின் மகள் பெயர், அதுவும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் பெயர், உலகப் பாட்டுக் கேசட்டில் வந்தால் அவர் செத்தே போயிருப்பார். "உன் பேரே இருக்கட்டும்ணே, எனக்கென்ன" என்று அவள்தான் சொன்னாள். அப்பா காலத்துக்குப் பிறகு மறுபடி போடும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவளும் சில இடங்களில் யோசனை சொல்லியிருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை.

அப்பா 2003இல் போனார். 2006இல் குறுந்தகடாக வந்தபோது அதே அட்டையைத்தான் போட்டார்கள். அவசரம். டிசைன் மாற்ற நேரமில்லை என்றார்கள், அல்லது நான் கேட்கவில்லை. சரியாக ஞாபகம் இல்லை.

கேசட் ஓடாதபிறகு நான் பட்ட பாட்டை யார் எழுதுவார்கள்? இருபது வருஷம் ட்ராக் பாடினேன். பெரிய பாடகர் வரும்வரை காலி இடத்தைக் காத்து நிற்கிற குரல். காலையில் நான் பாடுவேன், சாயங்காலம் அவர் வந்து என் பாட்டைக் கேட்டுப் பாடம் செய்து அதன்மேல் பாடுவார், என்னுடையதை அழித்துவிடுவார்கள். ஒரு தடவை என் இருமல் மட்டும் அழியாமல் தங்கி படத்தில் வந்தது. சினிமாவில் நான் விட்டுச்சென்ற ஒரே தடயம் அந்த இருமல். அவளுக்கு வீடு இருந்தது, புருஷன் இருந்தான், பிள்ளை இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

பிப்ரவரி 12, செவ்வாய்

தயாரிப்பாளர் வந்திருந்தார். பாட்டு பிடித்துவிட்டதாம், ஆனால் பஸ் காட்சி இழுவையாம், அதைத் தூக்கச் சொல்கிறார். "இதே டியூன கொஞ்சம் ஏத்தி, பார் சாங்கா வைங்க சார். ஹீரோவும் ஃபிரெண்ட்ஸும் குடிச்சிட்டு ஆடறாங்க. பொண்ணு போயிடுச்சு, ஊத்து மச்சான்னு. பிச்சிக்கிட்டுப் போகும்."

திருமாறன் என்னைப் பார்த்தார். "சார், நீங்க முடியாதுன்னு சொன்னா நானும் நிக்கறேன். ரெண்டு பேருமா சொல்லிப் பாப்போம்." முகம் வெளுத்துப் போயிருந்தது. முதல் படம், அவருக்கும் பயம். ஆனாலும் சொன்னார்.

தயாரிப்பாளரின் மச்சினன் மூலையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

நான் கீபோர்டை இழுத்து, வேகத்தை இரண்டு மடங்காக்கி, இடது கையில் ஸ்விங் தாளம் போட்டேன். டீயில் நின்று இறங்குகிற இடத்தை மாற்றி மேல் டோவுக்கு ஏற்றிவிட்டேன். அங்கே எல்லாரும் சேர்ந்து "ஊத்து" என்று கத்தலாம். இருபது நிமிஷம்தான் ஆனது. தயாரிப்பாளர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். திருமாறன் டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 21, வியாழன்

ஒலிப்பதிவு. ட்ரம்பெட் இரண்டு, ட்ராம்போன் ஒன்று, எல்லாரும் நான் கை காட்டினால் வாசித்தார்கள், கை இறக்கினால் நிறுத்தினார்கள். பெரிய பாடகர் வந்தார். முன்னாடியே ஒரு இளம்பெண் ட்ராக் பாடி வைத்திருந்தாள். நன்றாகப் பாடியிருந்தாள். அழிக்கும்போது அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நான் இசைக் குறிப்பைத் திருத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மார்ச் 8, வெள்ளி

பாட்டு வெளியானது. மத்தியானத்துக்குள் மூன்று லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். ஹோட்டல் மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சார்தானா அது! இன்னிக்கு அத வாசிங்க சார்" என்றான். சத்தமாகவே வாசிக்கச் சொன்னான். மூன்று தடவை வாசித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

சர்ச் முடிந்த நேரத்தில் பெரம்பூரிலிருந்து இரண்டு போன். நான் எடுக்கவில்லை. பிறகு கெசியாவிடமிருந்து ஒரு செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, அது அப்பா அடக்க ஆராதனைல அம்மா வாசிச்சது. சபை மொத்தமும் கேட்டது. இன்னிக்கு எல்லாரும் அம்மாவத்தான் பாத்தாங்க. லெந்து உபவாச நாள்ல இப்படி ஒரு பாட்டான்னு சர்ச் ஐயர் அம்மாகிட்டயே கேக்கறார். உங்களுக்குத் தெரியாது, நீங்கதான் வரலையே."

தெரியாது. கர்த்தர் மேல் ஆணையாகத் தெரியாது. ஒரு பெண் தன் புருஷனைப் புதைக்கிற அன்று தானே மெட்டு கட்டி தானே ஆர்கனில் உட்கார்ந்து வாசிப்பாள் என்று யார் நினைப்பார்கள்? அங்கே இருந்த முந்நூறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மெட்டை எடுத்து வெளியே விற்கக்கூடிய ஒரே முட்டாள், அன்றைக்கு அங்கே இல்லாதவனாகத்தான் இருக்க முடியும்.

மார்ச் 11, திங்கள்

தேதியைப் பார்த்தேன் என்று ஜனவரியில் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை அக்டோபர் 31 விடியற்காலையில் போனார். அடக்கம் நவம்பர் இரண்டு. கப்பலில் செய்தி வந்தபோது கப்பல் அதிகாரி பர்சர் என்னைக் கூப்பிட்டு, பார்சலோனாவில் இறங்கிக்கொள், டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றார். இறங்கினால் புதுவருஷ நிகழ்ச்சி வேறு ஆளுக்குப் போய்விடும். கப்பலிலிருந்து இறங்க வழியில்லை என்று எமிமாவுக்குச் செய்தி அனுப்பினேன். பரவாயில்லண்ணே என்று பதில் வந்தது.

அந்தத் தேதி எனக்குத் தெரியாத தேதி இல்லை. பார்த்தபோது வேறு எதையோ நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, புதன்

காலையில் திருமாறன் போன்.

"சார், பாட்டுக்குக் கீழ ஒருத்தர் கமெண்ட் போட்ருக்கார். ஏதோ அடக்க ஆராதனை வீடியோவாம். லிங்கும் குடுத்துருக்கார். பாத்தேன். ஆர்கன்ல ஒரு அம்மா வாசிக்கறாங்க. அதே டியூன். மொதல்ல நீங்க எனக்கு வாசிச்ச மாதிரியே, மெதுவா. யார் சார் அவங்க?"

"என் தங்கச்சி. மாப்பிள்ளை எறந்தப்ப நான் அவளுக்காகப் போட்டுக் கொடுத்தது அது. நான் கப்பல்ல இருந்தேன். அதனாலதான் அவ வாசிச்சா."

எவ்வளவு சரளமாக வந்தது. ஜனவரியில் வராத மெட்டெல்லாம் பொய்யாக வருகிறது.

"சரி சார். தயாரிப்பாளர் பயப்படறார். அவங்ககிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக்கலாம், இது எங்க அண்ணன் டியூன்னு. நானே போய்ப் பாத்துக் கேக்கறேன். நீங்க வர வேணாம்."

வர வேண்டாம் என்று ஏன் சொன்னார்?

மார்ச் 14, வியாழன்

வீடியோவைப் பார்த்தேன். அடக்கங்களை வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரன் யாரோ எடுத்தது. கேமரா அதிகம் பெட்டியின் பக்கமே இருக்கிறது. ஆர்கன் பக்கம் திரும்பும்போது எமிமாவின் முதுகு தெரிகிறது, வெள்ளைச் சேலை. பெட்டியைத் தூக்குகிறார்கள். அவள் புருஷனோடு போகாமல் வாசித்துக்கொண்டிருக்கிறாள். டீயில் நிற்கிறாள். இறங்குகிறாள். முன் வரிசையில் மனைவியின் அண்ணன் உட்காரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு குடை வைத்திருந்தார்கள்.

ஆறு பாட்டு. கேசட்டின் எட்டில் ஆறு பாட்டு அவளுடையது. மற்ற இரண்டைத்தான் திருமாறனின் அப்பா வேகமாக ஓட்டித் தாண்டியிருப்பார்.

லெட்டர் தரமாட்டாள். தரக் கூடாது. தந்தால்தான் நான் பிழைப்பேன்.

மார்ச் 16, சனி

தந்துவிட்டாள்.

திருமாறன் ஆபீஸுக்கு வரச் சொல்லி, காகிதத்தைக் காட்டினார். எமிமாவின் குண்டு குண்டு எழுத்து. "பார் காட்சியில் வரும் பாட்டின் இசை என் அண்ணன் ரெஜினால்ட் தங்கையாவினுடையது. எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை." கையெழுத்து, தேதி.

"காபி குடுத்தாங்க. போறதுக்கு முன்னாடி போன்ல விஷயத்தையும், நாலு பாட்டு பாக்கி இருக்கறதையும் சொல்லியிருந்தேன். நான் எதுவும் கேக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க சார்" என்றார் திருமாறன். "நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். கேசட்டு பாட்டெல்லாம் யார் போட்டதும்மான்னு. சிரிச்சாங்க. அட்டைல என்ன போட்டிருக்கோ அதான் தம்பின்னாங்க."

பாக்கி நாலு பாட்டுக்கும் ஒப்பந்தம் தந்தார். கொடுத்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தயாரிப்பாளர் போட்ட போடு அது, அவர் முடிவு இல்லை என்று புரிந்தது. ஈஸ்டருக்குள் நாலு மெட்டும் வேண்டுமாம்.

மார்ச் 17, ஞாயிறு

மத்தியானம் பெரம்பூர் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். பச்சை நோட்டையும் எடுத்துக்கொண்டேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அழுதால் நானும் அழ வேண்டும். அழுதபிறகு, பழையபடி ஆகிவிட்டபிறகு, நாலு மெட்டைப் பற்றிக் கேட்கலாம் என்றும் உள்ளே எங்கோ இருந்தது. இந்தமுறை பெயர் போடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சத்தியமாகப் போடுவேன்.

எமிமா கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா. உக்காருங்க."

வாங்கண்ணா. ஐம்பது வருஷமாக என்னை நீ என்றுதான் கூப்பிட்டாள். அடித்துக்கொண்ட நாளில்கூட நீதான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க. காபி குடிக்கறீங்களா?"

விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில், சாசரோடு வந்தது. நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவள் தொடவில்லை.

"எமி, எனக்குத் தெரியாது. அடக்கத்துல வாசிச்சதுன்னு தெரியவே தெரியாது."

"தெரியும்ணா. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"அந்த லெட்டர் நீ எழுதியிருக்க வேண்டாம். உன் பாட்டுன்னே சொல்லியிருக்கலாம்."

"என் பாட்டு இல்லண்ணா அது." குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரல். "நான் போட்டது மேல ஏறாது. அவரு போய்ட்டாரு, அதுக்கு மேல எங்க ஏற? நீங்க ஏத்திட்டீங்க. இப்ப பழையபடி வாசிச்சுப் பாத்தேன். அந்த எடம் வந்தா கை தானா மேல போவுது. ஊத்துன்னு காதுல கேக்குது. லெட்டர் எழுதறதுக்கு முந்தின நாள் முச்சூடும் வாசிச்சேன். என்னோடது கிடைக்கல. அதனால இது உங்களோடதுதான். பொய் ஒண்ணும் எழுதல நான்."

கெசியா உள்ளறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மெட்டு என்று மட்டும் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நிலையிலும் அதுதான் வந்தது. காபியைக் குடித்து முடித்து எழுந்தேன்.

"கெளம்பறீங்களா? இருங்க, ஜெபம் பண்ணிட்டுப் போலாம். கெசியா, வா. மாமா கெளம்பறாங்க."

யார் வந்துபோனாலும் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்த வழக்கம் இருந்ததில்லை. அண்ணன் என்ன விருந்தாளியா? மூன்று பேரும் நின்றோம். எமிமா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அப்பா வளர்த்த பெண். மனுஷரிடம் எதையாவது மறைப்பாள், ஜெபத்தில் ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நேரத்துக்காக ஸ்தோத்திரம். எங்க அண்ணன இந்த வீட்டுக்கு அழைச்சிட்டு வந்தீரே, உமக்கு நன்றி. அவர் போட்ட பாட்டுக்காக ஸ்தோத்திரம் அப்பா. அந்தப் பாட்டு அவரோடது, உமக்குத் தெரியும். இன்னும் நாலு பாட்டு அவர் போடணும். அதை நீரே அவருக்குக் குடும். வேற யார்கிட்டயும் போய் நிக்காதபடிக்கு அவர் கையை ஆசீர்வதியும். அவர் பேர் நிலைக்கட்டும். இயேசுவின் நாமத்துல கேக்கறோம், நல்ல பிதாவே."

முடிந்துவிட்டது. ஆமென் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தேன். கெசியா உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எமிமா கண்ணை மூடியபடியே, கைகூப்பியபடியே காத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் அவள் கண்ணைத் திறக்கமாட்டாள்.

நான்தான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.